போஸ்ட்டாக்: படிப்பா, வேலையா?

"பிஎச்டி முடிச்சாச்சு, இன்னும் என்னப்பா படிக்கிறான்?" போஸ்ட்டாக் போன பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி ஒருமுறையாவது விழுந்திருக்கும். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அது படிப்பா வேலையா என்று பல்கலைக்கழகங்களே ரொம்ப காலம் தெளிவாகச் சொன்னதில்லை.

அமெரிக்காவில் இதன் வேரைத் தேடினால் 1919-க்குப் போக வேண்டும். முதல் உலகப்போர் முடிந்த நேரம். இயற்பியலையும் வேதியியலையும் வளர்க்க ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பணம் தரத் தயாராக இருந்தது. முதலில் பேசப்பட்டது ஒரு பெரிய தனி ஆய்வு நிறுவனம். மில்லிகன் போன்றவர்கள் அதற்கு ஒப்பவில்லை. பணத்தை ஒரே கட்டடத்தில் கொட்டாமல், பிஎச்டி முடித்த இளைஞர்கள் கையில் கொடுத்துப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பலாம் என்றார்கள். அப்படித்தான் தேசிய ஆராய்ச்சி கவுன்சில் வழியாக, ஐந்து ஆண்டுகளுக்கு 5 லட்சம் டாலர் என்று ஃபெலோஷிப் தொடங்கியது. எர்னஸ்ட் லாரன்ஸ், ஓப்பன்ஹைமர் எல்லாம் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, பணம் ஆளோடு நடந்தது என்பது. இன்ன பேராசிரியரின் இன்ன வேலையை முடித்துக் கொடு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முழுச் சுதந்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. ஜேம்ஸ் வாட்சன் 1950-இல் அதே கவுன்சிலின் ஃபெலோஷிப்பில் கோபன்ஹேகனுக்குப் போனார். உயிர்வேதியியல் படிக்க அனுப்பப்பட்டவர், அது பிடிக்காமல் 1951-இல் கேம்பிரிட்ஜுக்குக் கிளம்பிவிட்டார். வாஷிங்டனில் இருந்த குழு கடுப்பாகி உதவிக் காலத்தை வெட்டியது. மனுஷன் நகரவில்லை. 1953-இல் டிஎன்ஏ கட்டமைப்பு!

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அரசுப் பணம் பெருகியது. அதில் பெரும்பகுதி பேராசிரியரின் திட்டத்துக்குப் போனது. போஸ்ட்டாக்கின் சம்பளமும் அந்தத் திட்டச் செலவில் ஒரு வரியானது. நம்ம ஐடி பாஷையில் சொன்னால், புராஜெக்டுக்கு பில் ஆகும் ரிசோர்ஸ். புராஜெக்ட் முடிந்தால்? அடுத்ததைத் தேட வேண்டியதுதான்.

திறமை இருந்தால் இந்தக் காத்திருப்பு இருக்காது என்று நினைக்க வேண்டாம். ஹர் கோவிந்த் கொரானா 1948-49-இல் சூரிச்சில் பிரலோகிடம் கிட்டத்தட்ட ஒரு வருடம் சம்பளமே இல்லாமல் வேலை செய்தார். அதன்பின் இந்தியாவில் தேடியும் வேலை கிடைக்கவில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் போஸ்ட்டாக்காக ரைபோசோமில் இறங்கினார். பேராசிரியர் வேலைக்குச் சுமார் 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டும் ஒன்றும் அமையாமல், தேசிய ஆய்வகங்களுக்குப் போனார். 1968-இல் கொரானாவுக்கு நோபல், 2009-இல் வெங்கிக்கு. பரிசு வாங்கியதால் இந்த இரண்டு கதைகளும் நமக்குத் தெரிகின்றன. வாங்காதவர்களின் கதை யாரிடம் இருக்கிறது?

போஸ்ட்டாக்குகள் பற்றி 1969-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வறிக்கைக்கு 'கண்ணுக்குத் தெரியாத பல்கலைக்கழகம்' என்றே தலைப்பு. அவர்கள் கண்ணுக்குத் தெரிய இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் போஸ்ட்டாக்குகள் 2010-இல் தொழிற்சங்கம் மூலம் முதல் ஒப்பந்தம் போட்டார்கள். 2022 நவம்பரில் அங்கே சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இவர்களும் இறங்கினார்கள். டிசம்பரில் உடன்பாடு வந்தது. சம்பள உயர்வோடு, குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கும் அதில் ஒரு தொகை எழுதப்பட்டது.