கியர் மாற்றக் கோளாறுகளைக் கண்டறிதல்

கியர் மாற்றக் கோளாறு என்பது, கைமுறைக் கியர்பெட்டி கொண்ட மகிழுந்தில் கியர் எளிதில் விழாமை, விழும்போது கரகரப்பொலி எழுதல், விழுந்த கியர் தானாகக் கழன்றுகொள்ளுதல் ஆகிய நிலைகளைக் குறிக்கும். இதன் காரணம் பொதுவாகக் கிளட்ச், கியர் கோலைப் பெட்டியுடன் இணைக்கும் கம்பிகள், பெட்டியின் உட்பகுதி ஆகிய மூன்றில் ஒன்றில் அமைந்திருக்கும். கிளட்ச் கேபிள், கிளட்ச் எண்ணெய், இணைப்புக் கம்பிகள் ஆகியவற்றின் குறைகளைப் பெரும்பாலும் பெட்டியை இறக்காமலே நீக்கலாம். உட்பகுதிக் கோளாறு எனில் பெட்டியை இறக்கிப் பிரிக்க நேரும். எனவே குறை எப்பகுதியில் உள்ளது என்பதை முதலில் பிரித்தறிவது இன்றியமையாதது.

இயங்கும் முறை

தற்காலக் கியர்பெட்டியில் முன்செல்லும் கியர்களின் பற்சக்கரங்கள் எப்பொழுதும் இணை இணையாகப் பொருந்தியே இருக்கும். கியர் மாற்றும்போது ஒரு நகரும் வளையம், தேவையான சக்கரத்தைத் தண்டுடன் பூட்டுகிறது. பூட்டுவதற்கு முன் இரண்டின் சுழல்வேகமும் சமமாக வேண்டும். ஒத்திசைப்பு வளையம் கூம்பு வடிவப் பரப்பின் மீது உராய்ந்து இதனைச் செய்கிறது. இவ்வமைப்பு 1928ஆம் ஆண்டில் கடிலாக் மகிழுந்துகளில் அறிமுகமானது. அதற்கு முன் ஓட்டுநர்கள் கிளட்சை இருமுறை மிதித்து வேகத்தைத் தாமே சமப்படுத்த வேண்டியிருந்தது.

கிளட்சை மிதித்தால் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் உள்ள தொடர்பு முழுமையாக விடுபட வேண்டும். விடுபடாவிடில் எஞ்சின் பெட்டியின் உள்தண்டைத் தொடர்ந்து சுழற்றும். இது கிளட்ச் இழுவை எனப்படும். பல மகிழுந்துகளில் ரிவர்ஸ் கியருக்கு ஒத்திசைப்பு வளையம் இல்லாமையால், இழுவை அதில் எளிதில் வெளிப்படுகிறது.

சோதிக்கும் முறை

இச்சோதனைகளைச் சமதளத்தில், கைத்தடையை இழுத்து, வண்டியின் முன்னும் பின்னும் ஆளில்லாத நிலையில் செய்தல் வேண்டும்.

1. எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். பற்கள் நேருக்கு நேர் நிற்பதால் ஒரு கியர் விழாவிடில், கிளட்சை விட்டு மீண்டும் மிதித்து முயலலாம். அப்பொழுதும் எல்லாக் கியர்களும் கடினமாக இருப்பின், இணைப்புக் கம்பிகளை ஐயுறலாம்.

2. எஞ்சின் நின்றபோது எளிதாகவும், ஓடும்போது கடினமாகவும் கியர்கள் விழுந்தால், கிளட்ச் இழுவையே முதன்மையான ஐயம்.

3. எஞ்சின் ஓடும்போது, நியூட்ரலில் கிளட்சை முழுதும் மிதித்து ஐந்து நொடிகள் காத்திருந்து ரிவர்ஸ் போட வேண்டும். அதன் பின்னும் கரகரப்பொலி எழுந்தால் இழுவை உறுதியாகும்.

4. மிதியைப் பலமுறை அழுத்திய பின் கியர் எளிதாக விழுந்தால், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்சில் காற்று புகுந்தோ, எண்ணெய் கசிந்தோ இருக்கலாம்.

அறிகுறிகளும் காரணங்களும்

* ஒரே ஒரு கியரில் மட்டும், ஓட்டத்தின்போது கரகரப்பொலி: அக்கியரின் ஒத்திசைப்பு வளையத் தேய்வு.
* கியர் தானாகக் கழலுதல்: பூட்டும் பற்கள், கவை அல்லது நிறுத்தும் ஸ்பிரிங் தேய்வு; எஞ்சின் தாங்கிகள் உடைந்திருத்தலும் காரணமாகலாம்.
* கிளட்சை மிதிக்கும்போது மட்டும் இரைச்சல்: கிளட்ச் விடுவிப்புப் பேரிங் தேய்வு.
* நியூட்ரலில் எழுந்து, கிளட்சை மிதித்ததும் மறையும் இரைச்சல்: உள்தண்டின் பேரிங் தேய்வு.
* குளிர்ந்த காலையில் மட்டும் கடினம்: கியர் எண்ணெயின் மிகு பாகுத்தன்மை.

கியர் எண்ணெய்

எண்ணெயின் அளவு குறைந்தாலும், வகை மாறினாலும் கியர் மாற்றம் கெடும். ஜி.எல்.-4 வகை கேட்கும் பெட்டியில் ஜி.எல்.-5 வகையை ஊற்றினால், அதிலுள்ள மிகுதியான கந்தக, பாசுபரசுச் சேர்மங்கள் ஒத்திசைப்பு வளையத்திற்குத் தேவையான உராய்வைக் குறைக்கலாம். சில வகைகள் பித்தளை வளையங்களை அரிக்கவும் கூடும். தயாரிப்பாளரின் கையேடு குறிப்பிடும் வகையையே பயன்படுத்த வேண்டும்.

காலந்தாழ்த்துவதன் விளைவு

கிளட்ச் இழுவையுடன் தொடர்ந்து ஓட்டினால், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் ஒத்திசைப்பு வளையங்கள் எஞ்சின் விசையை எதிர்த்துத் தேய்கின்றன. தொடக்கத்தில் கேபிளை முறுக்கியோ, கிளட்ச் எண்ணெயில் புகுந்த காற்றை நீக்கியோ தீர்த்திருக்கக்கூடிய குறை, பின்னர் கியர்பெட்டியையே பிரிக்க வேண்டிய பழுதாக முடிகிறது.