மலைநாடும் மகளிர் வாக்கும்

பனி படர்ந்த முகடுகள், பசும்புல் வெளிகள், பளிங்கென விளங்கும் ஏரிகள் — சுவிட்சர்லாந்து என்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி இது. கண்டு களிக்கத்தக்க காட்சிதான், ஐயமில்லை. ஆனால், அந்த எழிலுக்குப் பின்னே நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய வரலாறு ஒன்று உண்டு. மக்களாட்சிக்கு எடுத்துக்காட்டெனப் புகழப்படும் அந்நாடு, தன் மக்களில் பாதிப்பேரை நெடுங்காலம் வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்த வரலாறு!

நிலத்தை முதலில் காண்போம். 41,285 சதுர கிலோமீட்டர் பரப்பில், பத்தில் ஆறு பங்கு ஆல்ப்ஸ் மலை. வடமேற்கே ஜூரா மலைத்தொடர். இரண்டுக்கும் இடைப்பட்ட மேட்டுச் சமவெளியிலேதான் மக்களில் பெரும்பாலோர் வாழ்கின்றனர். ரைன் ஆறும் ரோன் ஆறும் அங்கே பிறந்து, ஒன்று வடகடலையும் மற்றொன்று மத்தியதரைக் கடலையும் நாடி ஓடுகின்றன.

மலை மக்களைப் பிரித்தது. பள்ளத்தாக்குக்கொரு வழக்கம், வட்டாரத்துக்கொரு ஆட்சி வளர்ந்தது. 1291-இல் ஊரி, ஷ்விட்ஸ், உன்டர்வால்டன் எனும் மூன்று வட்டாரங்கள் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒன்றன்பின் ஒன்றாகப் பிற வட்டாரங்களும் சேர்ந்தன. 1847-இல் கத்தோலிக்க மாநிலங்கள் தனிக்கூட்டு அமைத்ததன் விளைவாக உள்நாட்டுப் போர் மூண்டது. நான்கு வாரத்துக்குள் அடங்கியது. மறு ஆண்டே கூட்டாட்சி அரசியல் சட்டம் பிறந்தது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் மூன்றும் அச்சட்டத்தில் தேசிய மொழிகளாயின. மலைவாழ் மக்கள் சிலரே பேசும் ரோமான்ஷ் மொழியும் 1938-இல் அத்தகுதி பெற்றது. சிறு மொழிதானே என்று எள்ளி ஒதுக்கவில்லை!

இன்று 26 மாநிலங்கள். ஆட்சியை நடத்துவது எழுவர் குழு. ஆண்டுக்கொருவர் அதன் தலைவர். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பிடிக்கவில்லையா? 100 நாட்களுக்குள் 50,000 பேர் கையொப்பமிட்டால் போதும். அதனை மக்களின் தீர்ப்புக்கு விட்டாக வேண்டும்.

மக்களின் தீர்ப்பு! இனிக்கும் சொல். ஆனால், எந்த மக்கள்? சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்றது 1848-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ‘அனைவரில்’ அன்னையர் இல்லை, மனைவியர் இல்லை, மகளிர் இல்லை. சட்டத்தைத் திருத்த மக்கள் வாக்கு வேண்டும். வாக்கோ ஆடவரிடம் மட்டுமே இருந்தது. பூட்டியவன் கையிலேயே திறவுகோல்! நியூசிலாந்து 1893-இலேயே மகளிர்க்கு வாக்களித்தது. சுவிட்சர்லாந்தில், 1959 பிப்ரவரி 1 அன்று வாக்களித்த ஆடவரில் மூன்றில் இரு பங்கினர் ‘கூடாது’ என்றனர். 1971 பிப்ரவரி 7 அன்றுதான் ஏறத்தாழ அதே பங்கினர் ‘ஆகட்டும்’ என்றனர்.

அதன் பின்னும் அப்பென்சல் இன்னர்ரோடன் எனும் சிறு மாநிலம் இணங்கவில்லை. அங்கே மக்கள்மன்றம் கூடுவது திறந்தவெளியில், வாக்களிப்பது கையுயர்த்தி, ஆடவர்க்கு இடையில் தொங்கும் வாளே வாக்குரிமைச் சீட்டு. 1990 ஏப்ரலில், மகளிர்க்கு மாநில வாக்குரிமை இல்லையென மன்றம் மீண்டும் கைவிரித்தது. நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம், சம உரிமையை மறுக்க மரபுக்கு அதிகாரமில்லை எனும் வகையில் தீர்ப்பளித்தது. 1991 ஏப்ரலில் மகளிரும் அம்மன்றத்தில் கையுயர்த்தினர். மலை சரிந்ததா? ஏரி வற்றியதா? இல்லை! 2010-இல் நாட்டை ஆளும் எழுவரில் நால்வர் பெண்களாயினர்.

மொழிக்கு நீதி வழங்கிய நாடே பெண்ணுக்கு வழங்கத் தயங்கியது. பழமை நீண்டது என்பதாலேயே அது நீதியாகிவிடாது. மக்களாட்சியின் உயரத்தை மலை முகட்டைக்கொண்டு அளத்தல் தவறு. வாயிலுக்கு வெளியே எவர் நிற்கிறார் என்பதைக்கொண்டே நாம் அளத்தல் வேண்டும்.