டி டிரைவின் பூட்டைத் திறந்தவர்கள்



2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதல் சில ஆண்டுகளில் கணினி வாங்கிய பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் அதில் இருந்தன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். இப்படி இரண்டு இயங்குதளம் உள்ள கணினியில், விண்டோஸில் சேமித்த பாடத்தை லினக்ஸில் திறந்து திருத்துவது இன்று சாதாரண விஷயம். ஆனால் அதற்குப் பின்னால் பத்தாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு இருக்கிறது.

லினக்ஸ் 1991-ல் பிறந்தது. உருவாக்கியவர் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அன்று டாஸ், விண்டோஸ் கணினிகளின் டிரைவ்கள் பெரும்பாலும் ‘ஃபேட்’ என்ற எளிய முறையில் இருந்தன. லினக்ஸ் அதை விரைவிலேயே கற்றுக்கொண்டது.

சிக்கல் 1993-ல் தொடங்கியது. விண்டோஸ் என்.டி.யோடு ‘என்டிஎஃப்எஸ்’ என்ற புதிய முறையை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. 2001-ல் எக்ஸ்பி வந்தபோது அது வீடுகளுக்கும் பரவியது. அதன் முழு விவரத்தை நிறுவனம் வெளியிடவில்லை. வெளியில் இருந்தவர்கள் வட்டில் பதிந்திருந்த பைட்டுகளைப் பார்த்து, உள்ளே என்ன விதி என்று ஊகிக்க வேண்டியிருந்தது. விடைத்தாளை மட்டும் கையில் கொடுத்து, வினாத்தாளைக் கண்டுபிடி என்றால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட வேலை.

1990களில் ஜெர்மனியைச் சேர்ந்த மார்ட்டின் ஃபான் லோவிஸ் இதைத் தொடங்கினார். படிப்பது ஓரளவு கைகூடியது. எழுதுவதுதான் கடினம். பள்ளி அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு மாணவரைப் புதிதாகச் சேர்த்தால் சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, கட்டணப் பதிவேடு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் பிசகினாலும் குழப்பம். டிரைவில் அப்படிப் பிசகினால் கோப்புகளே போய்விடும். அதனால் பல ஆண்டுகள் லினக்ஸ் மிக எச்சரிக்கையாக இருந்தது. ஒரு கட்டத்தில், இருக்கும் கோப்பின் நீளம் மாறாமல் அதன் மேலேயே எழுத மட்டும்தான் அனுமதி!

ஹங்கேரியைச் சேர்ந்த சபோல்ச் சகாசிச் 2006-ல் ‘என்டிஎஃப்எஸ்-3ஜி’யை வெளியிட்டார். 2007 பிப்ரவரியில் அதன் நிலையான பதிப்பு வந்தது. அதன் பிறகுதான் சாதாரண மக்கள் பயமின்றி எழுதத் தொடங்கினார்கள். 2021-ல் பாராகான் நிறுவனம் கொடுத்த நிரல், 5.15 பதிப்பில் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது.

ஆனாலும் ஒரு கண்ணி மிச்சம் இருக்கிறது. 2012-ல் விண்டோஸ் 8-ல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வந்தது. அது இருந்தால், ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில், டிரைவைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அப்போது லினக்ஸ், “படித்துக்கொள், எழுதாதே” என்று தடுப்பது கோளாறு அல்ல. உங்கள் கோப்பைக் காப்பாற்றுகிறது. இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று அதை வலுக்கட்டாயமாகத் திறக்காதீர்கள். விண்டோஸுக்குத் திரும்பிப் போய் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை நிறுத்துங்கள். அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ‘ஷட் டவுன்’ கொடுங்கள்.

இந்த வரலாற்றில் எனக்குப் படுவது இதுதான். கோப்பை எழுதியவர் நாம். அதைப் படிக்கும் வழி ஒரே ஒரு நிறுவனத்துக்கு மட்டும் தெரிந்திருந்தால், நம் எழுத்து பாதிதான் நம்முடையது. மீதிப் பாதியை மீட்டுக் கொடுத்தவர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். முக்கியமான கோப்புக்கு வெளியே ஒரு நகல் வைக்கவும் சொல்லுங்கள்.