பெயரில் குறைந்த ஒரு சொல்

1935ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் பெர்டினாண்ட் மூன்ஸ் ஈ.டி.டி.ஏ. என்னும் சேர்மத்தை உருவாக்கினார். நோய் தீர்ப்பது அவர் நோக்கமன்று. சாயத் தொழிலில் இடையூறாயிருந்த நீரின் கால்சியத்தைப் பிடித்துவைக்கவே அது தேவைப்பட்டது. உலோகத்தை இவ்வாறு கவ்விக்கொள்ளும் வினைக்குக் 'கீலேஷன்' என்று பெயர். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது.

1950களில் இச்சேர்மம் மருத்துவத்துள் நுழைந்தது. ஈய நஞ்சேறியவர்களுக்கு 'கால்சியம் டைசோடியம் ஈ.டி.டி.ஏ.' செலுத்தப்பட்டது. இதன் கொடுக்கில் முன்னரே கால்சியம் இருக்கிறது. இரத்தத்தில் ஈயத்தைக் கண்டதும் கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தைக் கவ்விச் சிறுநீரில் வெளியேற்றுகிறது.

'டைசோடியம் ஈ.டி.டி.ஏ.' என்பதோ வேறு மருந்து. பெயரில் ஒரு சொல்தான் குறைவு. ஆனால் இதன் கொடுக்கு வெறுமையானது. இரத்தத்தின் கால்சியத்தையே அது கவ்விவிடும். இதயக் குழாய்களில் படிந்த கால்சியத்தையும் இது கரைக்கும் என நம்பி, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நார்மன் கிளார்க் என்னும் மருத்துவர் 1950களில் இதய நோயாளிகளுக்கு இதை அளித்தார்.

நம் உடலின் கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் உள்ளது. இரத்தத்தில் அளவு குறைந்தால் பாராதைராய்டு சுரப்பி எலும்பின் சேமிப்பிலிருந்து எடுத்து ஈடுசெய்கிறது. இத்தூண்டுதலால் எலும்பு வலுப்பெறும் என்று கீலேஷன் ஆதரவாளர்கள் கூறினர். அதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. மருந்து விரைந்து இறங்கும்போது எலும்பு உதவிக்கு வருமுன்னரே இதயம் நின்றுவிடக்கூடும்.

அதுவே நிகழ்ந்தது. 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் கீலேஷனுக்குப் பின் கால்சியம் குறைந்து மூவர் மாண்டதை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2006இல் வெளியிட்டது. அவர்களுள் இரண்டு வயதுச் சிறுமியும் ஐந்து வயதுச் சிறுவனும் இருந்தனர். இருவருக்கும் செலுத்தப்பட்டது டைசோடியம் மருந்தே.

இதய நோய்க்கு இச்சிகிச்சை பயன்தருமா என்பதை ஆராய்ந்த பெரும் ஆய்வுகளுள், 2013இல் வெளியானது சிறிதளவு நன்மையைக் காட்டியது. நீரிழிவும் மாரடைப்பும் கண்ட 1,000 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை.

ஈய நஞ்சுக்கு உரிய மருந்து இன்றும் உயிர் காக்கிறது. ஆயினும் 'உடலைச் சுத்திகரிக்கிறோம்', 'எலும்பை வலுவாக்குகிறோம்' என்று ஒருவர் ஊசி ஏற்ற முன்வந்தால், மருந்தின் முழுப்பெயரைக் கேளுங்கள். அது எதைக் கவ்வும் என்றும் கேளுங்கள். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அக்கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.