ரவையா, குருணையா? ஒரு கருமருந்துக் கதை

விறகு அடுப்பு பத்த வச்சவங்களுக்கு இந்தப் பதிவு ஈஸியா புரியும். சுள்ளி சட்டுனு பிடிக்கும், கட்டை நின்னு எரியும். கருமருந்தும் அப்படித்தான், மேற்பரப்புல இருந்துதான் எரியுது. மணி சின்னதாக ஆக மொத்த மேற்பரப்பு கூடும். வேகமா எரிஞ்சு அழுத்தம் எகிறும்.

"அப்போ மாவா அரைச்சுட்டா இன்னும் நல்லதுதானே?"ன்னு கேப்பீங்க. ஐரோப்பாவுல முதல்ல மாவாத்தான் வச்சிருந்தாங்க. ஆனா மாவு இறுகிட்டா தீ உள்ளே ஓட இடைவெளி இருக்காது. வண்டியில குலுங்கினா வெடியுப்பு, கந்தகம், கரி மூணும் பிரிஞ்சிடும். அதனால 15-ம் நூற்றாண்டுல மணி மணியா ஆக்குற முறை பரவுச்சு.

இன்னைக்கு மணியோட அளவை 'எஃப்' எழுத்தாலதான் சொல்றாங்க. எழுத்து கூடக் கூட மணி சின்னது. சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு ரெண்டு இடத்துல மருந்து வேணும். வெளிக் கிண்ணத்துல பொறி விழுந்ததும் பிடிக்கணும், அதுக்கு நாலு எஃப். குழலுக்குள்ள, .50 அங்குலமும் அதுக்கு மேலயும்னா ரெண்டு எஃப், அதைவிடச் சின்னதுன்னா மூணு எஃப். இதுதான் பொதுவான வழக்கம். நாலு எஃப்பை குழலுக்குள்ள கொட்டினா அழுத்தம் எக்கச்சக்கமா ஏறிடும், ஆபத்து. அதே சமயம் கிண்ணத்துல எரிஞ்ச தீ உள்ளே போய்ச் சேரலைன்னா, கண்ணு முன்னாடி ஒரு பளிச், அவ்ளோதான். குண்டு வராது.

சண்டையில அந்தப் பளிச்சுக்கு விலை உயிர். 1780 அக்டோபர் 7, தென் கரோலினாவுல கிங்ஸ் மவுண்டன். மலைக்கு அந்தப் பக்கத்துக் குடியானவங்க நீளக்குழல் ரைஃபிளோட மேலே ஏறுறாங்க. உச்சியில மேஜர் பேட்ரிக் ஃபெர்குசனோட படை, கையில பயனெட். ரைஃபிள்ல குறி தப்பாது. ஆனா மறுபடி மருந்து இடிச்சு நிரப்ப நேரமாகும், முனையில கத்தியும் கிடையாது. முதல் வெடி புஸ்ஸுன்னு போச்சுன்னா ஓடணும், இல்லைன்னா குத்து வாங்கணும். சுமார் ஒரு மணி நேரத்துல சண்டை முடிஞ்சுது. ஃபெர்குசன் செத்தார், அவர் படை சரணடைஞ்சுது.

இந்தக் குடியானவங்க கிளம்பின இடம் இப்போ டென்னசியில இருக்கிற சிகமோர் ஷோல்ஸ். அங்கே அவங்களுக்கு 500 பவுண்டு மருந்து செஞ்சு குடுத்தது மேரி பேட்டன்னு ஒரு அம்மான்னு சொல்றாங்க. மருந்து செய்யறதுதான் அவங்க தொழில்.

நான் படிச்ச சண்டைக் கதைகள்ல தளபதிங்களுக்குப் பக்கம் பக்கமா இடம், இந்தம்மாவுக்கு ரெண்டு வரி. அதான் எழுதணும்னு தோணுச்சு. இது மாதிரி ரெண்டு வரியில நிக்கிற ஆளுங்க யாரையாவது உங்களுக்குத் தெரிஞ்சா, நீங்களும் ஒரு பதிவு போடுங்க மக்கா.