பைபிள் வகுப்பில் உட்கார்ந்த இந்து மாணவர்கள்

தமிழ்நாட்டில் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். வாரத்தில் ஏதோ ஒரு பீரியடில் மணி அடிக்கும். வகுப்பு இரண்டாகப் பிரியும். கிறிஸ்தவ மாணவர்கள் "ஸ்கிரிப்சர்" வகுப்புக்கு, மற்றவர்கள் "மாரல்" வகுப்புக்கு. யாருக்கும் இதில் பெரிய வருத்தம் கிடையாது. ஆனால் இந்தப் பிரிவினைக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான ஒரு சண்டை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

கதை ஆரம்பிப்பது 1837இல், சென்னை அரண்மனைக்காரத் தெருவில். (அது உண்மையில் ஆர்மீனியன் தெரு. "ஆர்மீனியக்காரன்" நம் ஆட்கள் வாயில் "அரண்மனைக்காரன்" ஆகிவிட்டான்!) ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் என்ற பாதிரியார் அங்கே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். ஆங்கிலம் சொல்லித் தரப்படும், கூடவே பைபிளும் சொல்லித் தரப்படும். ஆங்கிலம் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்று மேல்சாதிக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பின. பைபிளை ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டுவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு இரண்டு முறை தப்பியது. முதல் முறை, 1838இல். சாதிக் குறி இட்டுக்கொண்டு பள்ளியில் சேர்ந்திருந்த இரண்டு பையன்கள் பறையர் என்று தெரிய வந்தது. அவர்களை வெளியேற்றச் சொன்னார்கள் பெற்றோர்கள். ஆண்டர்சன் மறுத்தார். நிறைய பேர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டாவது, 1841இல். ராஜகோபால், வெங்கடராமையா என்ற இரண்டு மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். பள்ளிக்கூடம் கிட்டத்தட்ட காலியானது. அந்தக் காலத்தில் ஒரு பையன் மதம் மாறினால் அது அவனோடு முடியாது. கொள்ளி போட ஆள் இல்லை, சொத்தில் சிக்கல், தங்கைக்கு வரன் வராது. வீட்டைப் பொறுத்தவரை அவன் செத்தவன். அந்தப் பயத்தை வெறும் மூடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அதே சமயம், யோசித்துத் தானே முடிவெடுத்த பையனுக்கும் ஒரு மனசாட்சி உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மொத்தப் பிரச்சினையும்.

இது ஒரு தனியார் பள்ளியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சென்னை கவர்னராக இருந்த ட்வீட்டேல் பிரபு, அரசுப் பள்ளிகளிலேயே பைபிளைப் பாடமாக வைக்கலாம் என்று 1846இல் யோசனை சொன்னார். சென்னையில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. முன்னால் நின்றவர் காஜுலு லட்சுமிநரசு செட்டி. வியாபாரி. 1844இல் "கிரசென்ட்" என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் கவர்னரின் யோசனையை ஏற்கவில்லை. 1852இல் லட்சுமிநரசு சென்னை சுதேசிகள் சங்கத்தைத் தொடங்கினார். சென்னையில் அரசியல் என்று நாம் இன்று சொல்லும் விஷயத்துக்கு வித்து போட்டதில் இந்த பைபிள் சண்டைக்கு ஒரு நல்ல பங்கு இருக்கிறது!

1854இல் வந்த சார்லஸ் உட் அறிக்கை ஒரு சாமர்த்தியமான வழியைக் காட்டியது. அரசுப் பள்ளியில் மதப் பாடம் கிடையாது. பைபிள் நூலகத்தில் இருக்கும், வேண்டுமானால் எடுத்துப் படிக்கலாம். ஆனால் மிஷன் பள்ளிகள் உட்பட தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் உண்டு. அதாவது, மக்கள் வரிப்பணத்தில் ஒரு பங்கு பைபிள் வகுப்பு நடக்கும் பள்ளிக்கும் போகும். பின்னாளில் வந்த தகராறுகளுக்கு எல்லாம் இந்த மானியமே மூலம்.

இனி கதாநாயகன் வருகிறார். வில்லியம் மில்லர். 1862இல் சென்னை வந்தபோது அவருக்கு 24 வயது. அதாவது இன்று எம்.காம். முடித்து வேலை தேடும் வயது. தள்ளாடிக்கொண்டிருந்த அந்தப் பள்ளியைக் கல்லூரியாக வளர்த்தார். 1877இல் அது "சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி" என்று பெயர் பெற்றது. தென்னிந்தியாவில் பேர் சொல்லும் கல்லூரி ஆனது. படித்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். எல்லோரும் பைபிள் வகுப்பில் உட்கார வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வில் அதற்கு ஒரு மார்க்கும் கிடையாது.

ஆனால் மில்லர் மற்ற மிஷனரிகள் மாதிரி தலை எண்ணவில்லை. கல்லூரியின் வேலை ஞானஸ்நானம் கொடுப்பதல்ல, கிறிஸ்தவக் கருத்துகளைச் சமூகத்தில் மெல்லப் பரவ விடுவது என்றார். இரும்பை, மரக்காணம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உப்பைத் தண்ணீரில் போட்டால் கண்ணுக்குத் தெரியாது, ருசியில் தெரியும். அவ்வளவுதான் விஷயம். ஸ்காட்லாந்தில் நன்கொடை கொடுப்பவர்களுக்கோ இது பிடிக்கவில்லை. இத்தனை வருடம் செலவு செய்து எத்தனை பேர் மதம் மாறினார்கள் என்று கேட்டார்கள். வரவு செலவுப் புத்தகத்தில் "நன்மதிப்பு" என்ற இனத்தை எந்தத் தொகைக்கு எழுதுவது? காமர்ஸ் படித்தவர்களுக்கே அது தலைவலி.

மில்லர் ஆளும் சுவாரசியமானவர். ஷேக்ஸ்பியரை வைத்துத் தனிப் புத்தகங்கள் எழுதினார். படகு வலிப்பதைப் பற்றி ஆங்கிலக் கவி டென்னிசன் எழுதியதை அவர் புகழ, மாணவராக இருந்த சூரியநாராயண சாஸ்திரி எழுந்து கம்பராமாயணத்தில் குகன் ஓடம் விடும் பாட்டைச் சொல்லி அசத்தியதாக ஒரு கதை உண்டு. அந்த மாணவர்தான் பின்னாளில் பரிதிமாற் கலைஞர். அதே கல்லூரியில் தமிழும் சொல்லிக் கொடுத்தார். பைபிள் கட்டாயமாக இருந்த கல்லூரியில் கம்பனுக்கும் காது கொடுக்க ஆள் இருந்திருக்கிறது.

ஆனால் எல்லாம் சுமுகமாக இல்லை. 1888இல் ஒரு பிராமண மாணவர் கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்கிறார் என்ற செய்தி பரவ, கல்லூரியில் மாணவர்கள் கொந்தளித்தார்கள். விஷயம் பத்திரிகை வரை போனது. எங்கள் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வேறு இடமே இல்லையா என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் பதிலாக 1889இல் சிவசங்கர பாண்டியா என்பவர் சென்னையில் இந்து தியாலஜிகல் பள்ளியைத் தொடங்கினார். 1896இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தி அந்தப் பள்ளியைப் பார்வையிட்டார். திட்டிக்கொண்டே இருக்காமல் தானே ஒரு பள்ளி கட்டியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் 1901இல் மில்லருக்குச் சென்னையில் சிலை வைத்தார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே! பணம் கொடுத்ததில் அவருடைய பழைய மாணவர்கள், இந்துக்கள், நிறைய பேர்.

பைபிள் வகுப்பு ஒரு மாணவனை என்ன செய்யும் என்பதற்கு நல்ல உதாரணம் செப்டம்பர் 5இல் பிறந்த ஒருவர். ராதாகிருஷ்ணன். வேலூர் ஊரிசு கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். தத்துவம் எடுத்ததற்குக் காரணம், உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தன என்பதுதான்! வகுப்பில் இந்து மதத்தைப் பற்றி ஆசிரியர்கள் வைத்த விமர்சனம் அவரைச் சுட்டது. அப்படி என்னதான் இருக்கிறது நம் மதத்தில் என்று தேடக் கிளம்பினார். வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக 1908இல் எம்.ஏ. ஆய்வுரை எழுதினார். வேடிக்கை என்னவென்றால் அதைப் படித்துப் பாராட்டிச் சான்று கொடுத்தவர் அவருடைய ஆசிரியர், மிஷனரி ஏ.ஜி. ஹாக். கிறிஸ்தவனாக்க வைத்த வகுப்பு, உலகத்துக்கு இந்துத் தத்துவம் சொல்பவரை உருவாக்கி அனுப்பியது. மில்லர் சொன்ன "பரவல்" இதுதானா, இல்லை அதற்கு நேர் எதிரா? ஹாக் கொடுத்த சான்றைப் பார்த்தால், அவருக்கு அதில் தோல்வி எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது.

எல்லா மாணவர்களும் ராதாகிருஷ்ணன் ஆக முடியாது. பிடிக்காமல் உட்கார்ந்தவர்கள் அதிகம். மானியம் வாங்கும் பள்ளியில் விருப்பமில்லாத பிள்ளைக்கு மத வகுப்பிலிருந்து விலக்கு வேண்டும் என்று 1910களில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி போன்றவர்கள் வாதாடினார்கள். அதற்கு "மனசாட்சிப் பிரிவு" என்று பெயர். ஊரில் ஒரே ஒரு பள்ளிதான், அதுவும் மிஷன் பள்ளி என்றால், பிடிக்காவிட்டால் வேறு பள்ளிக்குப் போ என்று சொல்வது பதிலே ஆகாது. இந்த இடத்தில் நியாயம் சாஸ்திரி பக்கம்தான்.

கடைசியில் அதை முடித்து வைத்தது 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம். பிரிவு 28(3): அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் யாரையும் அவர் சம்மதம் இல்லாமல் மத போதனையில் பங்கேற்கச் சொல்லக்கூடாது; மைனர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும். சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமை பிரிவு 30இல் தனியாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பதுதான் அந்த மணி அடிக்கும் நேரம்: ஒரு பாதி ஸ்கிரிப்சருக்கு, ஒரு பாதி மாரலுக்கு. இரண்டுக்கும் போகாமல் கேன்டீனுக்குப் போகும் மூன்றாவது கூட்டத்துக்கு மட்டும் சட்டத்தில் இன்னும் பிரிவு இல்லை.