மெலிவிசைக் கருவியும் மரத்தின் குணமும்

சீவகசிந்தாமணியில், காந்தருவதத்தையோடு இசைப்போர் புரிய வந்த சீவகன் பாடத் தொடங்குமுன் யாழ்களைச் சோதிக்கின்றான். நீரில் நின்று இளகிய மரம் என்று ஒன்றைத் தள்ளுகிறான். வாட்புண் பட்டதென்று மற்றொன்றை விலக்குகிறான். இடி வீழ்ந்து வெந்ததென்று வேறொன்றை ஒதுக்குகிறான். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லாரும் குழலுக்குரிய மரத்தின் இலக்கணம் கூறுகிறார். இளமையும் முதுமையும் இல்லாத மரத்தை வெட்டி நிழலில் ஆறவிட வேண்டும். திருகுதலும் பிளத்தலும் இல்லையென அறிந்து, ஓராண்டு சென்றபின்னரே கருவி செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து.

பினாங்கில் இன்று பாஸ் கிதார் வாங்க விரும்பும் இளைஞனுக்கு இவ்விலக்கணத்தைக் காட்டினால் நகைக்கக்கூடும். ஆயினும் அவன் பணம் நிற்பதும் கரைவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததே.

பண்டைத் தமிழர் இசையின் மூவகை நிலையை மெலிவு, சமன், வலிவு என்றனர். மெலிவு நிலையில் ஒலித்துப் பாட்டைத் தாங்குவதே பாஸ் கிதாரின் தொழில். மேனாட்டில் அப்பணியை முன்பு செய்தது ஆளுயரப் பெருவயலின் ஆகும். சுமப்பதும் அரிது; மெட்டுக்கள் இல்லாமையால் சுருதி பிசகாமல் வாசிப்பதும் அரிது. 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் மின்விசையால் ஒலிக்கும் சிறிய கருவி ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட கருவியே உலகெங்கும் சென்றது. மெட்டுக்கள் இருப்பதால் சுரம் துல்லியமாக விழும் என்பதைக் குறிக்கவே அதற்கு ‘பிரிசிஷன்’ என்று பெயரிட்டார். தமிழ்த் திரையிசையில் இக்கருவிக்குத் தனி நடை வகுத்தவர், தாமே கிதார் வாசிக்க வல்லவரான இளையராஜா எனலாம்.

பினாங்கு இதனை ஏற்றதற்கு வாணிகக் காரணமும் உண்டு. 1786இல் பிரான்சிஸ் லைட் காலத்திலிருந்து 1969 வரை அது தீர்வையற்ற துறைமுகமாக இருந்தது. மேனாட்டுச் சரக்கு பெருநிலத்தைவிட இங்கு மலிவு என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் வாசித்துச் சென்றபின், மலாயா எங்கும் கிதார்க் குழுக்கள் பெருகின. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் பினாங்கில் தோன்றியதே டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்களின் ‘ஆலிகேட்ஸ்’ குழு. அவர்கள் பாடிப் புகழ்பெற்றது மலாய்ப் பாட்டுக்களில் என்பது தமிழர் மறக்கத் தகாத செய்தி.

இனி அமைப்பு. வீணைக்கு உள்ளதுபோல் இக்கருவிக்குக் குடம் இல்லை. பெரும்பாலும் திண்ணிய பலகையே உடல். தண்டியைத் தனியே செய்து திருகாணிகளால் பிணைத்தார் ஃபெண்டர். நம்மவர் ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாந்த வீணைக்கே ஒட்டு வீணையினும் மிகுந்த விலை தருவர். ஃபெண்டர் அதற்கு மாறாக, கெட்ட தண்டியைக் கழற்றி வேறு தண்டி மாட்டலாம் என்பதையே சிறப்பாகக் கருதினார். தண்டியினுள் எஃகுக் கம்பி ஒன்று ஓடும். தந்திகளின் இழுவையால் மரம் வளைந்தால் அதனை முறுக்கி நேராக்கலாம். ஆனால் வளைவு வேறு, திருகல் வேறு. வளைவைக் கம்பி திருத்தும். திருகலை அது திருத்தாது. அடியார்க்கு நல்லார் திருகுதலைத் தனியே பெயர் சுட்டியதன் அருமை இங்கே விளங்கும். ஆண்டு முழுதும் ஈரக்காற்று வீசும் பினாங்கில், குளிர்சாதன அறையிலிருந்து வெளியிலும் வெளியிலிருந்து உள்ளேயுமாக அலையும் கருவியின் மரம் ஓயாமல் ஊதிச் சுருங்கும். தண்டியின் ஓரத்தில் விரலை ஓட்டும்போது மெட்டின் முனைகள் கீறினால், மரம் சுருங்கிவிட்டது என்று அறியலாம். தலைப்பக்கத்திலிருந்து தண்டியை ஒரு கண்ணால் நோக்கினால் திருகல் தெரிந்துவிடும். இதற்குக் காசு வேண்டா.

மறுவிற்பனையில் வணிகர் முதலில் கேட்பது ஆண்டையே. 1965 சனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டர் தொழிலை 130 இலட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் செய்தவை மேலானவை, பின் செய்தவை தாழ்ந்தவை என்பது சந்தைக் கூற்று. முழுதும் பொய்யன்று. 1970களின் நடுவில் ஜாஸ் பாஸ் தண்டியை நான்கு திருகாணிக்குப் பதிலாக மூன்றால் பிணைக்கத் தொடங்கினர். தண்டி பக்கவாட்டில் அசைகிறதென்ற குறை எழுந்தது. எனினும் ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்ட அன்றே மரம் கெட்டுவிடாது. 1966இல் செய்த நல்ல கருவியும் உண்டு. 1962இல் செய்து, பின்னர் திருகிப்போனதும் உண்டு. 1985இல் ஃபெண்டர் ஊழியர் சிலர் கூடி அத்தொழிலை மீட்டு வாங்கினர். முன்னர் வெறும் நகல் என்று இகழப்பட்ட 1970களின் சப்பானியக் கருவிகளையும் இன்று தேடி வாங்குவோர் உளர்.

ஆண்டுக்கு அடுத்தபடி விலையைத் தாங்குவது மாற்றப்படாமையே. பழைய கருவிக்குப் புது வண்ணம் பூசி அழகு செய்வோர், அறியாமலே அதன் விலையில் பெரும்பகுதியைச் சுரண்டி எறிகின்றனர். இன்று மலேசியக் கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் இந்தோனேசியக் கருவிகளுக்கு அத்தகைய பழம்பெருமை இல்லை. வாங்கி வெளியே வந்தவுடன் விலையில் ஒரு பங்கு போய்விடும். அவற்றைப் பழையதாக வாங்குபவன் அந்த முதல் இழப்பை வேறொருவன் தலையில் விட்டவனாவான். அவன் பார்க்க வேண்டியது தண்டி ஒன்றே.